பல்லம்மா வைத்த புள்ளி

பல்லம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காரணம் மட்டும் ஒன்றுதான்: அவள் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்ப, அதை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. ஒரு நீள மேசை, தலைக்கு மேல் டியூப்லைட், எதிரே ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். மேசை மேல் முன்பின் தெரியாதவர்களின் தாடைகள் பிளாஸ்டரில் வார்க்கப்பட்டு வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அவள் மெழுகை உருக்குவாள், பல்லைப் பதிப்பாள், மேல் தாடையையும் கீழ்த்தாடையையும் ஒரு பித்தளைச் சட்டத்தில் மாட்டிக் கடிக்கவிடுவாள். நடுவில் ஒரு நீலத்தாள். எந்தப் பல் உயரமோ அதில் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை ஒரு இழை தேய்ப்பாள். மறுபடி கடி, மறுபடி தேய்.

"போதும்க்கா, இதை யாரு உத்துப் பாக்கப்போறா?" என்று பக்கத்து மேசைக்காரி சலித்துக்கொள்வாள்.

"பாக்கறதுக்கா பல்லு? கடிக்கறதுக்கு. கண்ணை ஏமாத்தலாம், நாக்கை ஏமாத்த முடியாது" என்பாள் பல்லம்மா, தலையைத் தூக்காமலே.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கை பட்டவை. அவர்கள் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இந்தப் பேச்சை எடுத்தால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்பதால் நாமும் எடுக்க வேண்டாம்.

லிஃப்ட்காரருக்கு உயிர் என்று ஒன்று இருந்தால் அது பைக்தான். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் மேலேயும் கீழேயும் போய்வருகிற மனுஷர். ஞாயிற்றுக்கிழமையாவது குறுக்குவாட்டில் போகட்டுமே என்று அதற்கு நியாயம் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறென்றால் பல்லம்மா பின்சீட்டில். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று. அவர் வழி கேட்க மாட்டார். வேறு யாரிடமும் கேட்காவிட்டால் போகிறது, பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "இடது, இடது" என்று இவள் தோளைத் தட்டுவாள். வண்டி கம்பீரமாக வலது பக்கம் போகும். "ஏங்க, இடதுன்னு சொன்னேனே?" "எனக்குத் தெரியும்." அப்படித் தெரிந்த வழியில் போய் ஒரு தடவை கல் குவாரிக்குள் இறங்கிவிட, உள்ளே நின்ற லாரிக்காரர்கள் கைதட்டி வழியனுப்பி வைத்தார்கள்.

பிறகு, வேலைக்கு வெளியூர் போன மகள் அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒன்றை வாங்கி அனுப்பினாள். கைப்பிடியில் போனை மாட்டுகிற கிளிப், ஹெல்மெட்டுக்குள் ஒட்டிக்கொள்கிற சின்ன ஸ்பீக்கர் ரெண்டு, இருவரும் ஓடுகிற வண்டியிலேயே பேசிக்கொள்ள மைக். போனிலிருந்து ஒரு பெண் குரல் வழி சொல்லும். 'இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்.' முதல் நாளே பல்லம்மா ஆடிப்போனாள். மனுஷர் திரும்பினார்! மறுபேச்சு இல்லாமல், "ம்" என்று வேறு சொல்லிக்கொண்டு திரும்பினார். கட்டிக்கொண்டவள் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காததை, எங்கேயோ இருந்துகொண்டு மூக்கால் பேசுகிற ஒருத்தி சாதித்துவிட்டாள். அன்றிலிருந்து பல்லம்மா அந்தக் குரலை 'அவள்' என்றே சொல்லிவந்தாள். "உங்க அவ என்ன சொல்றா இன்னைக்கு?" என்று கேட்பாள். கேலிதான், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மகளிடம் போனில் இதைச் சொல்லி அங்கலாய்த்தபோது மகள் சிரித்தாள்.

"அம்மா, அவளா எதுவும் சொல்றதில்லம்மா. பைக்ல போறவங்களுக்குன்னே நெட்ல ஒரு மேப் இருக்கு. அதுல நாம எங்கெங்க புள்ளி வெக்கறோமோ, அந்த வழியாத்தான் அவ கூட்டிட்டுப் போவா. நீ வெச்சுக் குடு, அவ படிப்பா. அவ்வளவுதான்."

பல்லம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்திருந்தால் லிஃப்ட்காரர் பைக்கை அன்றைக்கே விற்றிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலங்கள் அவளுடையவை ஆயின. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள். ஆரம்பத்தில் எல்லாரையும் போலத்தான் செய்தாள்: மேப்பை மொத்தமாகத் தெரிகிற மாதிரி சின்னதாக வைத்துக்கொண்டு, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று புள்ளியைத் தெளித்தாள். முதல் ஞாயிறே பலன் தெரிந்தது. நடுவில் தடுப்பு வைத்த பெரிய சாலையில், போகிற பக்கம் வைப்பதற்குப் பதிலாக வருகிற பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. அந்தப் புள்ளியைத் தொட்டால்தான் ஆயிற்று என்று 'அவள்' ஒற்றைக்காலில் நின்று, அடுத்த திருப்பம் வரை ஓடவிட்டுத் திரும்பவைத்து, மறுபடி திரும்பவைத்து, ஒரே பெட்ரோல் பங்கை மூன்று தடவை காட்டினாள். அடுத்த வாரம் புள்ளி சாலையை விட்டு ஒரு நூல் விலகி பஸ் டிப்போ வாசலில் உட்கார்ந்துவிட்டது. லிஃப்ட்காரர் சமர்த்தாக டிப்போவுக்குள் போய் ரெண்டு பஸ்ஸுக்கு நடுவே நின்றார்.

காவலாளி வந்து, "எந்த ரூட்டு வண்டி இது?" என்று கேட்டான்.

பல்லம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உயரமான பல்லை அனுப்பிவிட்டு ஆள் திரும்பி வந்து நின்றால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. அப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பழகினாள். சாலையின் நடுக்கோடு தெரிகிற வரைக்கும் மேப்பைப் பெரிதாக்குவாள். போகிற பக்கமா வருகிற பக்கமா என்று பார்ப்பாள். நாற்சந்தியின் நடுவில் ஒருநாளும் வைக்க மாட்டாள். வைத்தால் மென்பொருள் குழம்பிப்போய் குறுக்குத் தெருவைப் பிடித்துக்கொள்ளும். சந்தி தாண்டிக் கொஞ்சம் தள்ளி, திரும்பவே வழியில்லாத இடத்தில் வைப்பாள். கட்டடத்தின் மேல் வைக்கவே கூடாது. அப்படி வைத்தால் கட்டடத்துக்கு எந்தச் சாலை கிட்டத்தில் இருக்கிறதோ அதற்குப் புள்ளி தானே தாவிவிடும், அது முன்சாலையா பின்சந்தா என்று அதற்குக் கவலை கிடையாது.

புள்ளியிலும் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்று நிற்கிற புள்ளி: அங்கே போனதும் 'உங்கள் நிறுத்தம் வந்துவிட்டது' என்று குரல் சொல்லும். இன்னொன்று வழியை மட்டும் தன் பக்கம் இழுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடும். அதற்குப் பல்லம்மா வைத்த பெயர் ஊமைப் புள்ளி. அவளுக்கு ஊமைப் புள்ளி என்றால் கொள்ளைப் பிரியம். இருக்காதா பின்னே? கணவரின் பழைய கூட்டாளி ஒருவர் டயர் கடையின் பின்னறையில் சீட்டுக்கச்சேரி நடத்துவார். அந்தத் தெருப் பக்கமே வண்டி தலைகாட்டாதபடி ஒரு ஊமைப் புள்ளி போதும். தன் அக்கா வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டதா? ஏரிக்கரைக்குப் போகிற வழி தற்செயலாக அக்கா வீட்டு வாசலை ஒட்டிப் போகும். "அடடே, இது உங்க அக்கா வீடுல்ல?" என்பார் லிஃப்ட்காரர். "அட ஆமாம்!" என்று பல்லம்மாவும் வாயைப் பிளப்பாள். துணிக்கடை, சுத்தமான கழிப்பறை உள்ள ஓட்டல், வெயில் படாத சாலை என்று அவள் நினைத்ததெல்லாம் நடந்தது. லிஃப்ட்காரர் பெட்டிப் பாம்பாகப் போய்க்கொண்டிருந்தார். "மெஷின் சொல்லுதுன்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்று அதற்கு வக்காலத்து வேறு.

இவ்வளவு அடக்கம் எங்கிருந்து வந்தது என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிற யார்தான் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

யோசிக்க வைத்தது ஒரு மழைக்கோட்டு. எதிர் மாடியில் யாரோ காயப்போட்ட மழைக்கோட்டைப் பார்த்து லிஃப்ட்காரர் ரெண்டு நாள் காலையில் கையசைத்தார். மூன்றாம் நாள், "எதிர் வீட்டுக்காரனுக்குத் திமிரைப் பாரு, திருப்பிக் கையசைக்கக்கூட மாட்டேங்கறான்" என்று கோபித்துக்கொண்டார். பல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம்தான் சிரிப்பு நின்றது. காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, படியில் கடைசிப் படி இருக்கிறதா என்று காலால் தடவியது, போர்டில் எழுத்தைச் சின்னதாக எழுதிவிட்டான் என்று ஊரிலுள்ள பெயிண்டர்களையெல்லாம் திட்டியது என ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு, பொழுது சாய்கிற நேரம், ஓரத்தில் விளக்கில்லாமல் ஒரு தள்ளுவண்டி நின்றது. வண்டி நேராக அதை நோக்கிப் போனது. பல்லம்மா அலறினாள். அலறலுக்குப் பிறகுதான் பிரேக் பிடித்தார்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன். எதுக்கு இப்படிக் கத்தற?" என்றார்.

பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரிந்தது. அன்றிலிருந்து பின்சீட்டு அவளுக்குப் பழைய பின்சீட்டாக இல்லை. இந்த மனுஷர் ஒரு நாள் தானும் போய், தன்னையும் கொண்டுபோய்விடுவார் என்ற பயம் வெளிப்படையாகவே மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடுவோங்க" என்று ஆரம்பித்தாள்.

"எனக்கா? கழுகுக் கண்ணு எனக்கு."

"கழுகு மழைக்கோட்டுக்கெல்லாம் கையசைக்காது."

"தூங்கி எழுந்த நேரம், யாரா இருந்தாலும் அப்படித்தான்."

கெஞ்சிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், மகளை விட்டுச் சொல்லச் சொன்னாள். கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில், சொன்னால் கேட்காதவரிடம் எதற்காகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. யார் சொன்னால் கேட்பாரோ அவளைச் சொல்லவைத்தால் போயிற்று.

பக்கத்து டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரி ஞாயிறும் திறந்திருந்தது. மதிய உணவு இடைவேளையில் கூடத்து வாசலில் நின்றுகொண்டு போன் பண்ணி அவர் பெயரில் முன்பதிவு செய்தாள். அந்தச் சனிக்கிழமை மேப்பைத் திறந்து, பெரிதாக்கி, பெரிதாக்கி, ஆஸ்பத்திரிக் கூரை வரைக்கும் போய்விட்டாள். முன்னால் அகலமான சாலை, கேட், கேட்டைத் தாண்டி ஒரு மரம். மரத்துக்கு நேராகப் புள்ளி வைக்கவேண்டியதுதான் பாக்கி.

"காபி" என்று பின்னால் குரல் கேட்டது.

லிஃப்ட்காரர் ரெண்டு கைகளிலும் ரெண்டு கோப்பையோடு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லம்மா கை போன போக்கில் புள்ளியைத் தட்டினாள், பெயர் கேட்ட கட்டத்தில் காதில் விழுந்ததையே 'காபி' என்று அடித்தாள், சேமித்தாள், லேப்டாப்பைப் படக்கென்று மூடினாள்.

"என்ன இடம் அது?"

"காபி குடிக்க நிக்கற இடங்க. புதுசா ஒண்ணு."

"ஓ" என்று அவர் தன் காபியைக் குடித்துக்கொண்டே போய்விட்டார். அவள் திரும்பத் திறந்து பார்க்கவில்லை. புள்ளி நட்டநடுக் கூரையில் விழுந்திருந்தது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் செய்யாத தப்பு அது. பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு புள்ளி வைத்தால் கை சரியாக வருமா?

ஞாயிறு காலை வெயில் இதமாக இருந்தது. லிஃப்ட்காரர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். பல்லம்மாவுக்கோ ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் கத்துவாரா, வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிடுவாரா என்று நூறு கணக்கு ஓடியது. டவுனுக்குள் நுழைந்ததும் தூரத்திலேயே தெரிந்தது, ஆள் உயரத்துக்குக் கண் ஒன்று வரைந்த போர்டு. அவ்வளவு பெரிய கண் அவருடைய கண்ணில் படவில்லை.

'இடதுபுறம் திரும்பவும்' என்றது குரல்.

"இடதா? நேரா போங்க, நேரா!" என்றாள் பல்லம்மா மைக்கில்.

"மெஷின் லெஃப்டுங்குது."

"இப்ப மட்டும் நான் சொல்றதைக் கேளுங்களேன்!"

வண்டி அதற்குள் திரும்பிவிட்டது. ஒரு குறுகலான சந்து. ஒரு பக்கம் உயரமான சுவர், மறுபக்கம் தகரக் கொட்டகை. கொட்டகை முன்னால் வரிசையாக பைக்குகள், ஒவ்வொன்றின் டேங்க் மேலும் அட்டை ஒட்டி விலை எழுதியிருந்தது. 'உங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. காபி' என்று அறிவித்துவிட்டு 'அவள்' தன் வேலை முடிந்ததென்று அடங்கிப்போனாள்.

உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கிறவர். ரெண்டு பேரையும் பார்த்தார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், பின் டயரை லேசாக உதைத்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க சார். எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

லிஃப்ட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டிகளைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார், கடைசியில் பல்லம்மாவைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"விக்கறதுன்னு முடிவே பண்ணிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஐயோ, அதுக்கு இல்லீங்க..."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம். நான் என்ன சின்னக் குழந்தையா? எனக்கே தெரியும். அன்னைக்குத் தள்ளுவண்டி கண்ணுக்கே தெரியல. நீ கத்தினதைக் கேட்டுத்தான் பிரேக் அடிச்சேன். போர்டு ஒண்ணும் தெரியல. ரொம்ப நாளாவே தெரியல. டாக்டர்கிட்ட போனா வண்டியைத் தொடக்கூடாதுன்னுடுவான், அந்த பயத்துலதான் போகல. போதுமா?"

"போர்டே தெரியாம எப்படிங்க ஓட்டினீங்க இத்தனை நாளா?"

"எப்படி? இதோ இதை வெச்சுத்தான்" என்று போனைக் காட்டினார். "எங்க திரும்பணும்னு அதுதானே சொல்லுது."

"நானும் பாத்தேன். நான் சொன்னா கேக்காதவரு, அவ சொன்னா மட்டும்..."

"எவ?" இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "மெஷினுக்கு உங்க அக்கா வீடு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? டயர் கடைத் தெருவை மட்டும் தாண்டித் தாண்டிப் போக அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? சனிக்கிழமையானா நீ மேசையில உக்காந்து மேப்புக்குள்ள மூக்கை நுழைச்சிட்டு இருக்கறது எனக்குத் தெரியாதா? நீ பாத்துப் பாத்து வெச்சிருப்பே, ஒரு இழை பிசகாதுன்னு தெரியும். அந்த தைரியத்துலதான் போனேன். வேற எவளை நம்பி நான் போறேன்?"

இவ்வளவு காலமும் இவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தவளுக்கு எப்படியிருக்கும்? சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, ஹெல்மெட்டுக்குள் ரெண்டுக்கும் இடம் போதாமல் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வண்டி வியாபாரி திருதிருவென்று விழித்தார்.

"அப்ப வண்டி குடுக்கறீங்களா, இல்லையா?"

"இல்லீங்க" என்று பல்லம்மா மூக்கை உறிஞ்சினாள். சுவரைக் கை காட்டினாள். "அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கண் ஆஸ்பத்திரி. அங்க கூட்டிட்டுப் போகத்தான் புள்ளி வெச்சேன். அது சுவருக்கு இந்தப் பக்கம் தாவிடுச்சு."

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தார். அவள் சொன்னது மெல்ல மெல்ல மண்டையில் ஏறியது.

"அப்ப, நீ தப்பா வெச்சுட்டியா?"

"ஆமாங்க."

"பல்லம்மா தப்பா வெச்சுட்டா!" என்று அவர் வியாபாரியிடம் சொன்னார், லாட்டரி விழுந்த குரலில். "கேட்டீங்களா? இவ தப்பா வெச்சுட்டா!" வியாபாரி தன் வாழ்க்கையில் பார்த்த வாடிக்கையாளர்களிலேயே இவர்கள் மோசம் என்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சந்தோஷம் அடங்கியதும் பயம் திரும்பி வந்தது. "நிஜமாவே ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை.

"சொன்னா சொல்லட்டும். நான் ஓட்டக் கத்துக்கறேன். நீங்க பின்னாடி உக்காந்து இடது, இடதுன்னு கத்துங்க. நான் வலது பக்கம் போறேன்."

அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்த லிஃப்ட்காரர், அதைவிட டாக்டரே மேல் என்று வண்டியிலிருந்து இறங்கினார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, விளக்கடித்துப் பார்த்து, ரெண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றாள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அப்புறம் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றாள். அவர் பல்லம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"எதுல வந்தீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"பைக்ல."

"இந்தக் கண்ணை வெச்சுட்டா? யார் ஓட்டினது?"

"இவதான்" என்று லிஃப்ட்காரர் பல்லம்மா பக்கம் கைகாட்டினார். பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

அன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. அதை அந்தச் சந்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வர வேண்டியிருந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் வந்து எடுத்துப்போகும் வரை கொட்டகையில் இருக்கட்டும் என்று வியாபாரி பெருந்தன்மையாகச் சொன்னார். லிஃப்ட்காரர் அவரை நம்பவில்லை. 'இது விற்பனைக்கு அல்ல' என்று ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லி, டேங்க் மேல் ஒட்டவைத்து, கையால் தடவிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார்.

முதலில் ஒரு கண், பிறகு மற்றொன்று. கட்டு அவிழ்த்த பிறகு வீட்டில் அவர் தொல்லை தாங்க முடியவில்லை. சோப்பு உறையில் இருப்பதைப் படித்தார், மருந்துப் பாட்டிலில் எறும்பெழுத்தில் இருப்பதைப் படித்தார், ஃபேன் இறக்கையில் இருந்த தூசியைக் கண்டுபிடித்தார். "உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்தது?" என்று கேட்டு ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார். சாயங்காலம் "நல்லாத்தான் இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்று சமாதானத்துக்கு வந்தபோது, "சொல்ல வந்ததை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுதானே" என்று தட்டை வைத்தாள்.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன வாரம், சனிக்கிழமை பல்லம்மா லேப்டாப்பைத் திறந்துவிட்டுக் கை வராமல் உட்கார்ந்திருந்தாள். ஊமைப் புள்ளிகளின் குட்டு வெளிப்பட்டாயிற்று. அவருக்கு இனி போர்டெல்லாம் தெரியும். இவள் எதற்கு? அந்தச் சந்தில் அவர் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனாலும் கண் தெரியாதவர் கைத்தடியைப் பாராட்டுவது ஒரு பெரிய விஷயமா என்றும் தோன்றியது. கண் வந்த பிறகு யார் கைத்தடியை வைத்துக்கொள்கிறார்கள்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரே ஒரு ஊமைப் புள்ளி வைத்தாள். அக்கா வீடும் இல்லை, துணிக்கடையும் இல்லை. ஆற்றை ஒட்டிப் போகிற ஒரு பழைய சாலை, சுற்று வழி, அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். நடுக்கோடு தெரிகிற வரை பெரிதாக்கி, ரெண்டு தடவை சரிபார்த்து வைத்தாள்.

மறுநாள் வழியெல்லாம் லிஃப்ட்காரர் போர்டு படித்துக்கொண்டே வந்தார். கடை போர்டு, ஸ்கூல் போர்டு, நாய் ஜாக்கிரதை, எதையும் விடவில்லை. அவள் "ம், ம்" கொட்டினாள். சாலை ரெண்டாகப் பிரிகிற இடம் வந்தது. அங்கே பச்சை நிறத்தில் புத்தம் புது போர்டு.

"வலது பக்கம் போனா சீக்கிரமாமே. தூரத்தோட போட்டிருக்கான் பாரு" என்றார்.

'இடதுபுறம் திரும்பவும்' என்றது குரல்.

வண்டி வேகம் குறைந்தது. பல்லம்மாவுக்கு 'இடது' என்று தோளைத் தட்டக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டாள். இப்போது அவருக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்துகொண்டே வலது பக்கம் போனால் அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

லிஃப்ட்காரர் இடது பக்கம் திருப்பினார்.

வண்டி கொஞ்ச தூரம் போனது. பிறகு மைக்கில், "ஏங்க, போர்டுல வலதுன்னு நல்லா தெளிவா போட்டிருந்துச்சே?" என்று கேட்டாள்.

"அந்த போர்டை வெச்சவன் யாரு எவன்னு எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

ஆற்றோரச் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. முன்பென்றால் ஒன்றும் தெரியாமல் விழுந்து எழுந்து போயிருப்பார். இப்போது ஒவ்வொரு குழியும் கண்ணுக்குத் தெரிந்தது, ஒவ்வொரு குழிக்கும் பல்லம்மாவை ஒரு திட்டுத் திட்டினார். அவள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, சாலை முடிகிற வரைக்கும் காது குளிரக் கேட்டுக்கொண்டு வந்தாள்.